பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒரு பிரபுவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: கார்ப்பியோ மார்க்கேஸ்

ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் வம்சாவளியில் தொடங்கி, வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்லி, “கலைகளை ஆதரித்தார்” என்று ஒரு வரியோடு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வரிதான் முழுக் கட்டுரையாக விரிய வேண்டியது. யாரை ஆதரித்தார், எந்தப் படத்தை வாங்கினார், எந்த ஊர் வீட்டில் மாட்டினார், செத்த பிறகு அது யார் கைக்குப் போனது? 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இவற்றுக்கெல்லாம் எழுத்துச் சான்று உண்டு. பெரிய வீடுகளில் கல்யாணம், சாவு, கடன், பதவி மாற்றம் எது நடந்தாலும் நோட்டரி வந்து உட்கார்ந்து, சுவரில் தொங்கும் படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிப் பட்டியல் எழுதினார். அந்தப் பட்டியல்களிலிருந்து ஒருவரின் வாழ்க்கையை எழுப்பும் முறைதான் இங்கே. எடுத்துக்காட்டாக, ஏழாவது கார்ப்பியோ மார்க்கேஸ் (மார்க்கேஸ் என்பது ஒரு பிரபுப் பட்டம்) காஸ்பார் தெ ஆரோ இ குஸ்மான் (1629–1687). மூன்று ஊர்களில் நான்கு பெரிய பட்டியல்களை விட்டுச் சென்றவர் என்பதால் முறையைக் கற்றுக்கொள்ள இவரைவிட நல்ல ஆள் கிடைப்பது அரிது.

வேறொருவரைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: குறைந்தது ஒரு முழுப் பட்டியலாவது அச்சிலோ இணையத்திலோ கிடைக்க வேண்டும். லெகானேஸ் மார்க்கேஸ் என்றால் 1655ஆம் ஆண்டுப் பட்டியல் இருக்கிறது, அதில் 1,333 படங்கள். ஒன்பதாவது ஒசுனா பிரபு என்றால் பட்டியலைவிட ரசீதுகள் நன்றாகப் பேசும். கோயா வரைந்த ஆறு சூனியக்காரிப் படங்களுக்கு 1798இல் 6,000 ரியால் என்று கணக்கே உள்ளது. லெமோஸ் கோமகனைப் போல எழுத்தாளர்களை ஆதரித்தவருக்கு நூல்களின் சமர்ப்பணப் பக்கங்கள்தாம் ஆதாரம்; செர்வான்டெஸ் 1615இல் ‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்தார். ஆதாரத்தின் வகை மாறினால் வேலை செய்யும் முறையும் மாறும்.

பெயரைச் சரிப்படுத்துவது

ஸ்பானியப் பிரபுவுக்குப் பிறந்தது முதல் சாகும்வரை ஒரே பெயர் நிலைப்பதில்லை. காஸ்பார் தெ ஆரோ 1661 நவம்பரில் தந்தை இறக்கும்வரை ஆவணங்களில் எலிச்சே மார்க்கேஸ். அதன் பிறகு கார்ப்பியோ மார்க்கேஸ். ஒலிவாரெஸ் பட்டமும் அவருக்கு உண்டு. எலிச்சே என்பதையே நோட்டரிகள் லிச்சே என்றும் முன்னால் ஓர் எச் சேர்த்தும் எழுதினார்கள். ஆரோ என்ற குடும்பப் பெயர் எச் எழுத்தோடும் வரும், அது இல்லாமலும் வரும். தேடு பெட்டியில் ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு “ஆவணம் இல்லை” என்று முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம். தேடத் தொடங்கும் முன்பே எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். எந்தப் பட்டம் எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தேதியில்லாத கடிதம் கையில் கிடைத்தால், அதில் எலிச்சே என்றிருக்கிறதா கார்ப்பியோ என்றிருக்கிறதா என்பதே அது 1661க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடும்.

அடுத்த குழப்பம் குடும்பத்துக்குள். நான்காம் பிலிப் மன்னரின் வலக்கையாக இருந்த ஒலிவாரெஸ் கோமகன் இவருடைய தந்தைக்குத் தாய்மாமன். ஒலிவாரெஸ் 1643இல் வீழ்ந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் லூயிஸ் தெ ஆரோ, இவருடைய தந்தை. மூவருமே படம் சேர்த்தவர்கள். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட பின் அவருடைய படங்கள் விற்பனைக்கு வந்தபோது, லண்டனில் இருந்த ஸ்பானியத் தூதர் அலோன்சோ தெ கார்தெனாஸ் வழியாக வாங்கியவர் தந்தை லூயிஸ். ரஃபாயேல் பெயரில் வந்த ‘லா பெர்லா’வை 2,000 பவுனுக்கும், டின்டோரெட்டோவின் ‘பாதம் கழுவுதல்’ படத்தையும் அப்படி வாங்கி அவர் மன்னருக்குக் கொடுத்தார். இவற்றை மகன் கணக்கில் எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. ஒரு படம் “ஆரோ குடும்பம்” என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், வாங்கிய ஆண்டைப் பாருங்கள். 1650க்கு முன்பின் லண்டனில் வாங்கியது என்றால் தந்தையின் வேலைதான்.

லண்டன் விற்பனைத் தேதிகளை எடுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. ஸ்பெயின் 1582 அக்டோபரிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது; இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. அங்கே 1650 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் ஸ்பெயினில் அது 1651.

எலும்புக்கூடு

பட்டியலைத் தொடும் முன் வாழ்க்கையின் எலும்புக்கூட்டை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பட்டியல் எந்தத் தருணத்தில், ஏன் எழுதப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும். இவருக்கு அது இப்படி வரும்:

1629 ஜூன் 1 — மாட்ரிட்டில் பிறப்பு.
1650 — மெதினாசெலி பிரபுவின் மகள் அந்தோனியா மரியா தெ லா செர்தாவுடன் திருமணம்.
1650கள் — புயென் ரெத்தீரோ அரண்மனையில் அரச நாடகங்களின் பொறுப்பு.
1661 — தந்தை மரணம்.
1662 பிப்ரவரி — ரெத்தீரோ அரங்கில் வெடிமருந்து வைத்ததாகக் குற்றச்சாட்டு, கைது.
1663 ஜூன் — போர்த்துகலில் அமேஷியால் போரில் சிறைபிடிப்பு, லிஸ்பனில் காவல்.
1668 பிப்ரவரி 13 — ஸ்பெயின் சார்பில் லிஸ்பன் உடன்படிக்கையில் கையெழுத்து.
1671 — முதல் மனைவி இறந்த மறு ஆண்டு, தெரேசா என்ரீக்கெஸ் தெ காப்ரேராவுடன் மறுமணம்.
1677 — ரோமில் தூதர்.
1683 ஜனவரி — நேப்பிள்ஸ் வைஸ்ராய்.
1687 நவம்பர் 16 — நேப்பிள்ஸில் மரணம்.
1688 — மகள் கத்தலீனா, பத்தாவது ஆல்பா பிரபுவை மணந்தார்.

இதன் பக்கத்தில் பட்டியல்களை வையுங்கள்: 1651 மாட்ரிட், 1682–83 ரோம், 1687–88 நேப்பிள்ஸ், 1689 மாட்ரிட். முதலாவது, திருமணமாகித் தனிக் குடும்பம் அமைந்த சமயம். இரண்டாவது, ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கிளம்பும் நேரம். கடைசி இரண்டும் இறந்த பின் எடுக்கப்பட்டவை. மரணத்துக்குப் பின் எடுக்கும் பட்டியல் கடன்காரர்களுக்காக எழுதப்படுவதால் விலை குறிப்பதில் கவனம் அதிகம் இருக்கும். இடம் மாறும்போது எழுதுவது காணாமல் போகாமல் இருக்க; அதில் எண்ணும் அளவும் துல்லியம், விலை இருக்காமலே போகலாம். ஒன்றில் விலை தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஆவணம் குறையுள்ளது என்று நினைக்க வேண்டாம்.

பட்டியல்கள் எங்கே

முதலில் போக வேண்டிய இடம், கெட்டி நிறுவனத்தின் புரொவெனன்ஸ் இன்டெக்ஸ், அதாவது படங்கள் யார் யாரிடம் இருந்தன என்பதற்கான இணையத் தரவுத்தளம். இலவசம், மாட்ரிட் சேகரிப்புகளின் பட்டியல்கள் வரிவரியாக ஏற்றப்பட்டிருக்கின்றன, ஓவியர் பெயர், உரிமையாளர் பெயர் இரண்டாலும் தேடலாம். வாழ்க்கைக் குறிப்புக்கு ஸ்பெயினின் ரியல் அகாதெமியா தெ லா இஸ்தோரியா நடத்தும் இணைய வாழ்க்கை அகராதி போதும். அதே நிறுவனத்திலுள்ள சலாசார் இ காஸ்த்ரோ தொகுப்பு வம்சாவளிக்கு.

மூல ஆவணம் வேண்டுமென்றால் வேலை கூடுகிறது. ஸ்பெயின் அரசு ஆவணக் காப்பகங்களுக்குப் பொதுவான இணைய வாசல் பாரெஸ். அதில் விவரக் குறிப்பு இருக்கும். பக்கங்களின் படம் எல்லாவற்றுக்கும் இருக்காது. மாட்ரிட் நோட்டரிகளின் கட்டுகள் அங்குள்ள புரோத்தோகோலோஸ் காப்பகத்தில் உள்ளன. பிரபு குடும்பங்களின் தாள்கள் தொலேதோவில், தவேரா மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கும் பிரபுக்கள் காப்பகத்தில். அரசியல் பதவி தொடர்பானவை சிமான்காஸ் கோட்டையில். ஆனால் காஸ்பாரின் சொத்து மகள் வழியாக ஆல்பா குடும்பத்துக்குப் போனதால், அவர் சம்பந்தப்பட்ட தாள்கள் பல மாட்ரிட்டின் லீரியா அரண்மனையில், தனியார் அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன.

இரண்டு இழப்புகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். லீரியா அரண்மனை 1936 நவம்பரில், உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சில் எரிந்தது. படங்களில் பெரும்பகுதி முன்பே வெளியேற்றப்பட்டிருந்தது, நூலகமும் ஆவணங்களும் பெரும் சேதமடைந்தன. நேப்பிள்ஸ் அரசு ஆவணக் காப்பகம் தன் விலைமதிப்பற்ற தொகுதிகளைப் பாதுகாப்புக்காக ஒரு கிராமத்து மாளிகைக்கு அனுப்பியிருந்தது. அவற்றை ஜெர்மன் படையினர் 1943 செப்டம்பர் 30 அன்று எரித்தார்கள். வைஸ்ராய் காலத்து நேப்பிள்ஸ் தாள் அங்கே கிடைக்கவில்லை என்றால், அதன் மறுமுனையைத் தேடுங்கள். நேப்பிள்ஸ் மாட்ரிட்டுக்கு எழுதிய கடிதம் மாட்ரிட் பக்கத்தில், பெரும்பாலும் சிமான்காஸில், இருக்கும்.

ஒரு வரியைப் படிப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான். 1651 பட்டியலில் ஒரு வரி: கித்தானில் ஒரு படம், துணிமேல் கிடக்கும் நிர்வாணப் பெண், முதுகுப் பக்கமாகத் தீட்டியது, வலக்கையில் சாய்ந்து, ஒரு சிறுவன் பிடித்த கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள், வெலாஸ்கெஸ் கைவண்ணம், அகலம் இரண்டரை வாரா, உயரம் ஒன்றரை, கறுப்புச் சட்டம். லண்டன் நேஷனல் கேலரியில் இன்று தொங்கும், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘ரோக்பி வீனஸ்’ இதுதான். இந்த ஒரே வரியை ஐந்து துண்டாக உடைத்துக் குறிக்கப் பழகுங்கள்: எதன்மேல் தீட்டியது, என்ன காட்சி, யார் வரைந்தது, அளவு, சட்டம்.

காட்சிதான் மிக நம்பகமானது. நோட்டரிக்குக் கலை தெரியாவிட்டாலும் கண் தெரியும். வீனஸ் என்ற பெயர் வரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவதையின் பெயரால் தேடினால் இந்த வரி அகப்படாது. பெண், கண்ணாடி, சிறுவன் என்று பொருளால் தேட வேண்டும்.

ஓவியர் பெயருக்கு முன்னால் வரும் சொல்லைத் தவறவிடாதீர்கள். இன்னாரின் கைவண்ணம், அசல், நகல், இன்னாரின் பாணி, இன்னாரின் பள்ளி — ஐந்தும் ஐந்து தரம். சுருக்கி எழுதும்போது எல்லாவற்றையும் “வெலாஸ்கெஸ்” என்று ஆக்கிவிட்டால் பட்டியலின் மதிப்பே போயிற்று. பெயர்களும் ஸ்பானியக் காதுக்கு ஏற்ப மாறியிருக்கும்: லூக்கா ஜோர்தானோ அங்கே ஹோர்தான், ரிபேரா எஸ்பான்யோலேத்தோ, பஸ்ஸானோ பஸான். பி, வி இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றது வரும். ரோம், நேப்பிள்ஸ் பட்டியல்களில் இதே பெயர்கள் இத்தாலிய வடிவில் நிற்கும்.

இனி அளவு. காஸ்டில் வாரா ஏறக்குறைய 83.6 செ.மீ. மேற்படி படம் அப்படிக் கணக்கிட்டால் 209 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். கேலரியில் உள்ள படத்தின் அளவோ 177க்கு 122.5 செ.மீ. உயரம் ஒத்துப்போகிறது, அகலத்தில் 32 செ.மீ. இடிக்கிறது. சட்டத்தோடு அளந்தார்கள் என்று சொல்லிவிடலாமா என்றால், சட்டம் உயரத்தையும் கூட்டியிருக்கும். நோட்டரியின் ஆட்கள் கால் வாரா, அரை வாராவுக்குத் தோராயமாகச் சொன்னார்கள், பல நேரம் கண்ணளவில் என்பதே நடைமுறை. அளவை மட்டும் நம்பியவர் இந்தப் படத்தையே தள்ளிவிட்டிருப்பார். அளவு, ஒரு அடையாளத்தைப் பலப்படுத்த உதவும்; தனியாக நின்று முடிவு சொல்லாது. படம் பின்னாளில் ஓரம் வெட்டப்பட்டோ துணி சேர்க்கப்பட்டோ இருக்கலாம் என்பதையும் அருங்காட்சியகத்தின் ஆய்வுக் குறிப்பில் பாருங்கள்.

இத்தாலியப் பட்டியல்களில் அளவு பால்மோவில் வரும். ரோம் பால்மோ சுமார் 22.3 செ.மீ., நேப்பிள்ஸ் பால்மோ சுமார் 26.4 செ.மீ. ஒரே படத்தை ரோமில் 8 பால்மோ என்றும் நேப்பிள்ஸில் 7 பால்மோ என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே (178, 185 செ.மீ.). எந்த ஊர்ப் பட்டியல் என்று பார்க்காமல் மாற்றினால் ஒரு படம் இரண்டு படமாகிவிடும். மூல அளவை அப்படியே ஒரு கட்டத்திலும், செ.மீ. கணக்கை அடுத்த கட்டத்திலும் எழுதுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்தில் இதைவிடப் பெரிய பள்ளம். ஒரு ரியால் 34 மராவெதி, ஒரு துக்காத் 375 மராவெதி, அதாவது 11 ரியாலுக்குக் கொஞ்சம் மேல். இது கணக்குப் புத்தக விகிதம். நடைமுறையில் வெள்ளி ரியால் வேறு, வெயோன் எனப்பட்ட செம்புக் கலவை நாணய ரியால் வேறு; வெள்ளிக்குக் கூடுதல் தொகை கொடுக்க வேண்டியிருந்தது, அது நூற்றாண்டு முழுக்க ஏறி இறங்கியபடி இருந்தது. 1680 பிப்ரவரியில் அரசு வெயோன் நாணயத்தின் மதிப்பைக் கடுமையாகக் குறைத்தது. ஆகவே 1651இன் விலையையும் 1689இன் விலையையும் நேருக்கு நேர் வைத்து “படத்தின் மதிப்பு இத்தனை மடங்கு ஏறியது, விழுந்தது” என்று எழுதுவது பிழை. ஒரே பட்டியலுக்குள் படத்தைப் படத்தோடு, படத்தைத் திரைச்சீலையோடு, வெள்ளிப் பாத்திரத்தோடு ஒப்பிடுங்கள். எது உயர்வாக மதிக்கப்பட்டது என்பதை அது நேர்மையாகக் காட்டும். இன்றைய ரூபாய்க்கு மாற்றவே வேண்டாம்.

கையெழுத்தில் எண்களைப் படிக்கும்போது ஒரு குறி ஏமாற்றும்: ஆயிரத்தைக் காட்ட, இலக்கங்களுக்கு நடுவில் யு போன்ற வளைவு இடுவார்கள். 6, வளைவு, 500 என்றால் 6,500. வளைவைச் சுழியம் என்று எடுத்தால் 60,500 ஆகிவிடும்.

கடைசியாகத் தேதி. பட்டியலின் தலையில் உள்ள தேதி, அதன் ஒவ்வொரு வரிக்கும் பொருந்தும் என்று கொள்ளாதீர்கள். ரோக்பி வீனஸே பாடம். எலிச்சே பட்டியல் 1651 ஜூன் 1 என்ற தேதியைத் தாங்கியது. 2001இல் வெளியான ஆவண ஆய்வோ, இந்தப் படம் முதலில் மாட்ரிட் ஓவிய வணிகர் தொமிங்கோ கேரா கொரோனெலிடம் இருந்தது, அவர் இறந்த பின் 1652இல்தான் காஸ்பாருக்கு விற்கப்பட்டது என்கிறது. இப்படி இரண்டு ஆவணம் முட்டும்போது எதையும் தூக்கிப் போடாமல் மூலத்தில் கையெழுத்து மாறுகிறதா, மை மாறுகிறதா, எண் வரிசை முறிகிறதா, அந்த வரி பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ நுழைக்கப்பட்டதா என்று பாருங்கள். வீட்டில் வைத்திருக்கும் பட்டியலில் புதிதாக வந்ததைப் பின்னால் சேர்ப்பது இயல்பு. கட்டுரையில் இரண்டு தேதியையும் கொடுங்கள்.

படத்தின் முதுகு

காஸ்பாரின் இத்தாலியச் சேகரிப்பில் ஒரு வசதி உண்டு. படங்களின் பின்புறம் டி, ஜி, எச் என்ற மூன்று ரோமன் எழுத்துகளைப் பின்னி (தோன் காஸ்பார் தெ ஆரோ), மேலே மார்க்கேஸ் கிரீடத்தோடு முத்திரை இட்டார்கள். பட்டியல் எண் படத்தின் முகப்பில், மூலையில். முத்திரையும் எண்ணும் பட்டியல் வரியும் மூன்றும் ஒத்துப்போனால் அதற்கு மேல் சான்று தேவையில்லை.

இதன் வலிமையைக் காட்டியது ஒலிம்பியா மைதால்கினியின் உருவப்படம். போப் பத்தாம் இன்னொசென்ட்டின் அண்ணியான அவரை வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்தார். காஸ்பாரின் கைக்கு வந்து, பிறகு கைமாறி, 1724க்குப் பின் தடயமே இல்லாமல் போயிற்று. பெயர் தெரியாத டச்சு ஓவியரின் வேலை என்று விற்கப்பட்டிருந்த ஒரு படத்தின் பின்புறத்தில் இந்த முத்திரை கண்டறியப்பட்டது. அங்கிருந்து பட்டியலுக்குப் போய், 2019 ஜூலையில் லண்டன் ஏலத்தில் அது வெலாஸ்கெஸ் படமாக ஏறக்குறைய 25 லட்சம் பவுனுக்குப் போனது.

முத்திரை இல்லை என்பதால் மட்டும் படம் அவருடையதல்ல என்று ஆகாது. பழைய கித்தான் நைந்துபோனால் அதன் பின்னால் புதுக் கித்தான் ஒட்டுவது பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். முத்திரை நடுவில் மூடிப்போகும். மாட்ரிட்டில் வைத்திருந்த பழைய சேகரிப்பில் இந்த முத்திரையை எதிர்பார்க்கவும் கூடாது. இன்னொரு பக்கம், முகப்பில் எண் இருந்தாலே கார்ப்பியோ எண் என்று துள்ளவும் வேண்டாம். லெகானேஸ் படங்களிலும் முகப்பில் எண் உண்டு. அரச சேகரிப்புப் படங்களில் எண்ணோடு குறியும் வரும்: ஐந்தாம் பிலிப்பின் படங்களில் பெருக்கல் குறி போன்ற பர்கண்டிச் சிலுவை, அரசி இசபெல் ஃபர்னேசியோவின் படங்களில் லில்லிப் பூ. ஒரே படத்தில் இரண்டு மூன்று எண்கள் இருப்பது நல்லதே. ஒவ்வொன்றும் ஒரு வீடு.

முன்னோக்கித் துரத்துவது

இறந்தவரிடமிருந்து படம் எப்படிப் போனது என்பதற்குக் காஸ்டில் சட்டத்தில் இரு பாதை. குடும்ப உரிமையோடு பிணைக்கப்பட்ட சொத்தை விற்க முடியாது. அது வாரிசுக்குப் போகும். பிணைக்கப்படாதது கடனுக்கு ஏலத்தில் போகும். காஸ்பார் பெரும் கடனோடு இறந்தார். அவருடைய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஒரு பகுதி நேப்பிள்ஸில் விற்கப்பட்டது, மாட்ரிட்டில் கடன்காரர்களுக்குப் போனவை உண்டு, சிறந்தவற்றில் பல மகள் வழி ஆல்பா வீட்டுக்குச் சென்றன. எனவே பட்டியலைப் படித்ததும் ஏலக் கணக்கையும் தேடுங்கள். வாங்கியவர் பெயரும் விலையும் அங்கே இருக்கும்.

ஆல்பா வீட்டுப் படங்களுக்கு 1802 முக்கிய ஆண்டு. ஆல்பா சீமாட்டி அந்த ஆண்டு இறந்தார்; அதையொட்டிய காலத்தில் அரசவையில் செல்வாக்காயிருந்த கொதோய் ரோக்பி வீனஸையும், கொரெஜ்ஜோவின் வீனஸ்–மெர்க்குரி–க்யூப்பிட் படத்தையும் எடுத்துக்கொண்டார். நெப்போலியன் போரில் இவை சிதறின. முதலாவது 1813இல் இங்கிலாந்தில் மாரிட் என்பவரிடம் 500 பவுனுக்குப் போய், 1906இல் 45,000 பவுனுக்கு நேஷனல் கேலரிக்கு வந்தது. இரண்டாவது நெப்போலியனின் மைத்துனர் முராவிடம் இருந்து லண்டன்டெரி பிரபு வழியாக 1834இல் அதே கேலரிக்கு வந்தது. இன்று இரண்டையும் ஒரே கட்டடத்தில் பார்க்கலாம்.

‘ஆல்பா மடோனா’ வேறு வழியில் போனது. ரஃபாயேலின் இந்த வட்டப் படத்தை (விட்டம் 94.5 செ.மீ.) வைஸ்ராயாக இருந்தபோது 1686இல் நொச்சேரா ஊர் துறவிகளிடமிருந்து காஸ்பார் வாங்கினார். ஆல்பா வீடு, டென்மார்க் தூதர், வணிகர் கோஸ்வெல்ட், 1836இல் ரஷ்ய ஜார் முதலாம் நிக்கலஸ், 1931இல் சோவியத் அரசிடமிருந்து ஆண்ட்ரூ மெலன், 1937இல் வாஷிங்டன் நேஷனல் கேலரி. வாஷிங்டன் கேலரியின் இணையப் பக்கத்தில் இந்தத் தொடர் முழுவதும் உண்டு. அதைப் படிக்கும்போது நிறுத்தக்குறியைக் கவனியுங்கள்: அமெரிக்க அருங்காட்சியக வழக்கப்படி இரண்டு உரிமையாளர்களுக்கு நடுவில் அரைப்புள்ளி இருந்தால் நேரடியாகக் கைமாறியது, முற்றுப்புள்ளி இருந்தால் நடுவில் தெரியாத இடைவெளி. தமிழில் எழுதும்போது இந்த இடைவெளியை “பிறகு” என்ற சொல்லால் மூடிவிடாதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நம்பகத் தரம் ஒன்று இடுங்கள். முதல் தரம், பொருளிலேயே முத்திரையோ எண்ணோ இருப்பது. இரண்டாம் தரம், காட்சி விவரம், ஓவியர், அளவு, அடுத்த உரிமையாளர் நான்கும் சேர்வது. மூன்றாம் தரம், ஓவியரும் கதைப்பொருளும் மட்டும் ஒப்பது. மூன்றாம் தரத்தை “இருக்கலாம்” என்ற சொல் இல்லாமல் எழுதவே கூடாது. மாதாவும் குழந்தையும் என்று பட்டியலில் எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும்.

பட்டியலில் அகப்படாதவை

சொத்துப் பட்டியல் சுவரில் தொங்குவதைப் பிடிக்கும். மேடையில் நடந்ததையும் பாடியதையும் பிடிக்காது. காஸ்பார் என்ற புரவலரின் பாதி வாழ்க்கை அங்கேதான். 1650களில் புயென் ரெத்தீரோவின் கொலிசேயோ அரங்கில் கால்தெரோனின் நாடகங்களை இயந்திரக் காட்சிகளோடு மேடையேற்றும் பொறுப்பு இவருடையது. ஃபுளோரன்ஸிலிருந்து 1651இல் வரவழைக்கப்பட்ட பாச்சோ தெல் பியாங்கோ காட்சிகளை அமைத்தார். 1653இன் ஆந்த்ரோமேதா நாடகத்துக்கு அவர் வரைந்த காட்சிப் படங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 1660ஐ ஒட்டி, ஹுவான் இதால்கோவின் இசையில் முழுக்கப் பாடும் நாடகங்களும் மேடையேறின. நேப்பிள்ஸுக்குப் போனதும் ரோமில் அறிமுகமான இளம் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டியை அழைத்து 1684இல் அரச தேவாலயத்தின் இசைத் தலைவராக்கினார். அப்போது ஸ்கார்லாட்டிக்கு 23 வயது. இவற்றுக்கு அரண்மனைச் செலவுக் கணக்கு, அச்சிட்ட பாடல் நூல்கள், வெளிநாட்டுத் தூதர்களின் அறிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆல்பங்களையும் மறக்க வேண்டாம். 1655இல் லியோனார்தோ தெ ஃபெர்ராரி இவருக்காக வரைந்த கோட்டைப் படத் தொகுதி இன்று ஸ்டாக்ஹோம் ராணுவ ஆவணக் காப்பகத்தில். ரோமில் தாம் சேர்த்த பழஞ்சிற்பங்களை வரைய வைத்த தொகுதி லண்டன் தொல்பொருள் சங்கத்தில். பட்டியலில் “ஒரு புத்தகம், படங்களோடு” என்று ஒற்றை வரியாகக் கிடப்பது இப்படிப்பட்ட பொருளாக இருக்கலாம். அந்த வரிகளைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

1662 வழக்கு எழுதுபவரின் பொறுமையைச் சோதிக்கும். தந்தை இறந்ததும் ரெத்தீரோவின் பொறுப்பு இவருக்கு வராமல் மெதினா தெ லாஸ் தோர்ரெஸ் பிரபுவுக்குப் போனது. தாம் அமைத்த மேடை இயந்திரங்கள் அவர் கைக்குப் போவதைவிட எரிந்துபோகட்டும் என்று வெடிமருந்து வைத்தார் என்பது ஒரு விளக்கம். மன்னரைக் கொல்லச் சதி என்பது இன்னொன்று. இரண்டாவது பரபரப்பானது என்பதற்காக அதையே தலைப்பாக்குவது அநியாயம். குற்றச்சாட்டு, தண்டனை, பிறகு அதே அரசு அவரைச் சமாதானத் தூதராகவும் வைஸ்ராயாகவும் ஆக்கியது என்ற மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் வாசகரே எடைபோடுவார்.

எழுதும்போது இன்னொரு நியாயமும் தேவை. வைஸ்ராய் பதவியில் இருப்பவர் ஒரு துறவியர் மடத்திடம் ரஃபாயேல் படம் கேட்டால் அதை மறுப்பது எளிதாக இருந்திருக்காது. நேப்பிள்ஸ் மக்கள் கட்டிய வரியும் அந்தப் பதவியின் வருமானத்துக்குப் பின்னால் இருந்தது. அதே ஆள் அங்கே கொள்ளைக் கூட்டங்களை அடக்கினார், சீர்கெட்ட நாணயத்தைத் திருத்தத் தொடங்கினார். ‘புரவலர்’ என்ற சொல்லை எழுதும் இடத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்ற வாக்கியமும், வரைந்தவர், மேடை கட்டியவர், பாடல் அமைத்தவர் பெயர்களும் வரட்டும்.

வடிவத்துக்கு ஒரு யோசனை: பிறப்பிலிருந்து தொடங்காமல் நான்கு பட்டியல்களையும் நான்கு அதிகாரமாக்கி, ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டு அவர் சுவரில் என்ன இருந்தது, முந்தைய பட்டியலில் இல்லாதது எது, அது எப்படி வந்தது என்று எழுதுங்கள். 1651க்கும் 1682க்கும் நடுவில் 31 ஆண்டு இடைவெளி வரும். லிஸ்பன் காவல் அதில்தான் அடங்குகிறது. அந்த இடத்தைக் கடிதங்களால் நிரப்புங்கள். கடிதம் கிடைக்காத ஆண்டுகளை வெறுமையாகவே விட்டு, அடுத்த பட்டியலுக்குப் போங்கள்.